நீ பிடித்திருந்த மேற்குப் பக்க றெக்கை

ஏளா,

முதலில் என் கையெழுத்துக்காகப் பொறுத்துக்கொள். சிரிக்கத் தோன்றினால் சிரி. பைய சிரி, மகள் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். வரிகள் எல்லாம் நேராகத்தான் தொடங்குகின்றன. பாதி தூரம் போனதும் பாபநாசம் மலைக்கு ஏறுகிற பஸ் மாதிரி மேலே போய்விடுகின்றன. சில எழுத்து பெரியது, சில எழுத்து சிறியது. 'ழ' வந்தால் பேனா நின்று, எந்தப் பக்கம் வளைவது என்று யோசிக்கிறது. அடித்துத் திருத்திய இடத்தில் தாள் கிழிந்தும் இருக்கிறது. ஆனாலும் இது என் கை எழுதியது. யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

ஆமாம், எனக்கு எழுத வந்துவிட்டது! மகள் வீட்டுக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில், சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. போன வருஷம் போய் உட்கார்ந்தேன். முதல் நாளே டீச்சரம்மா கேட்டார், "தாத்தா, முதல்லே எதை எழுதப் பழகணும்? உங்க பேரையா?" நான் "ஏரோப்ளேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த பூக்காரி, "தாத்தா இந்த வயசுலே பறக்கப் போறாரு போல" என்றாள். "பறக்கப் போகலைம்மா, பிடிக்கப் போனவன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

இரண்டாவதாக உன் பெயரைப் பழகினேன். அதை இங்கே எழுதவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து 'ஏளா' என்றுதான், உன்னைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே கிடையாது. இப்போது எழுதினால் வேறு யாருக்கோ எழுதுகிற மாதிரி இருக்கும்.

இப்போதெல்லாம் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குச் சும்மா போய் உட்கார்ந்து பலகைகளைப் படிக்கிறேன். ஏரல். திசையன்விளை. சேரன்மகாதேவி. சத்தம் போட்டுத்தான் படிக்க வருகிறது. கண்டக்டர்கள் நான் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மகளுக்கு வெட்கம். எனக்கு என்ன வெட்கம்? எங்கும் போகாமலே எல்லா ஊருக்கும் போய் வருகிறேன்.

சரி, எழுதவந்ததை எழுதுகிறேன்.

ஆடிக் காற்று எழும்பிவிட்டது. போன வாரம் மகள் போர்வைகளைத் துவைத்து, மொட்டை மாடியில் காயப்போடச் சொன்னாள். நான் ஒரு முனையைப் பிடித்து உதறினேன். போர்வை உப்பி மேலே எழுந்தது. எழுந்த வேகத்தில் அடுத்த முனை விறைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் ஓர் ஆள் பிடித்து அமுக்குகிற மாதிரி கீழே இறங்கி நின்றது. அந்தப் பக்கம் வெறும் வெயில்தான் இருந்தது. என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "ஏளா, விட்டுராதே."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லக்கூடாத சொல் அது ஒன்றுதான்.

நீ வருவது எனக்குப் புதிது இல்லை. நீ போன பிறகு, எதன் ஒரு முனையைப் பிடித்தாலும் அடுத்த முனையில் பாரம் தெரிகிறது. கட்டிலை நகர்த்தினால் தெரிகிறது. ஈர வேட்டியைப் பிழிந்தால் அந்தப் பக்கமும் யாரோ முறுக்குகிறார்கள். ஆடி மாதத்தில் அதிகம். மகளிடம் சொன்னேன், டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றாள். அதிலிருந்து சொல்வதில்லை. நீ எதற்கு வருகிறாய் என்று எனக்குத் தெரியும். ஒரு கேள்விக்குப் பதில் கேட்டு வருகிறாய். அந்தப் பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பைய, முதலிலிருந்து வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

சேரன்மகாதேவியிலிருந்து கொஞ்ச தூரத்தில், பொட்டல்காட்டில் அந்த மருந்தடிக்கிற கம்பெனி வந்து இறங்கியது. கார் நெல்லுக்குப் பூச்சி மருந்தை ஏரோப்ளேனிலிருந்து தூவுவதாக ஏற்பாடு. அம்பாசமுத்திரத்திலிருந்து ஏரல் வரைக்கும் ஆற்றோரத்து வயல் எல்லாம் அவர்கள் கணக்கு. பொட்டலில் முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, வடக்கும் தெற்குமாக நீளமாக ஓர் ஓடுதளம் போட்டோம். நான் கல் பொறுக்க வந்த ஆள். நீ சண்டை போட வந்தவள். "என் எருமை மேயுத இடத்துலே உங்க ஆகாசக் கப்பலை யாரு இறக்கச் சொன்னா?" என்று பிளேன் ஓட்டுகிற கேப்டன் முகத்துக்கு நேரே கேட்டாய். நமக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் ஷெட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து இஞ்சின் சத்தத்துக்கு உன் எருமை மிரண்டு ஓடியது. நீ கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகால் இரண்டையும் மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்தாய். எருமை உன்னை இழுக்கவில்லை. நீ எருமையை நிறுத்தினாய். கேப்டன் மதுரைப் பக்கத்துக்காரர், தொப்பை குலுங்கச் சிரிப்பார். அவர் அன்று சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு யாரு? எனக்கு மேற்குப் பக்கத்துக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும்" என்றார்.

அப்படித்தான் நமக்கு றெக்கை பிடிக்கிற வேலை கிடைத்தது. உலகத்தில் எந்தப் புருஷன் பெண்சாதி இந்த வேலை பார்த்திருப்பார்கள்!

நம்முடைய பிளேன் நாய் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும். முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம். மூக்கு ஆகாயத்தைப் பார்க்கும். தரையில் ஓடும்போது கேப்டனுக்கு எதிரே இருக்கிறது எதுவும் தெரியாது. பாம்பு மாதிரி இப்படியும் அப்படியும் வளைத்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் வருவார். ஆட்டை விரட்ட நாம் முன்னால் ஓடுவோம். ஷெட்டுக்குள் தள்ளும்போது வாலை என் தோளில் தூக்கிவைத்துத் திருப்புவேன். நீ அதைப் பார்த்து, "கண்ணுக்குட்டியைத் தூக்கிட்டுப் போற மாதிரில்லா இருக்கு" என்பாய்.

கேப்டன் பிளேனைத் தட்டிக்கொண்டே அடிக்கடி சொல்வார், "வானத்திலே எனக்குப் பயமே இல்லை. தரைக்கு வந்த பிறகுதான் இவளை நம்ப முடியாது." நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன்.

விடியும்போது, காற்று எழும்புவதற்கு முன்னால் மருந்தடிக்கப் போவார். திரும்பி இறங்கும்போது காற்று வந்துவிடும். மலைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வருகிற காற்று. ஓடுதளம் வடக்கு தெற்கு, காற்று குறுக்கே. வடக்கேயிருந்து வந்து இறங்கி, ஓட்டம் குறைந்து மனிதன் ஓடுகிற வேகத்துக்கு வந்ததும், நாம் இரண்டு பக்கமும் ஓடிப்போய் றெக்கை முனையைப் பிடிப்போம். மேற்குப் பக்கம் நீ. கிழக்குப் பக்கம் நான். மேற்கு றெக்கைக்கு அடியில்தான் காற்று புகுந்து தூக்கும். அதனால் பலம் கூடின ஆள் அங்கே. நான் அதை ஒத்துக்கொண்டேன், நீயும் பெருமையாகத் தலையை ஆட்டினாய். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நீ ஓடுவது இப்போதும் கண்ணில் இருக்கிறது. நடுவில் பிளேன் நிற்பதால் உன் முகம் தெரியாது. சக்கரத்துக்கு அந்தப் பக்கம் உன் கால் மட்டும் தெரியும். காற்று உன் பக்கம் தூக்கினால் என் பக்கம் தாழும். உன் கை அமுக்கினால் என் கைக்குத் தெரியும். பேசாமலே பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் மூக்குச் சக்கர பிளேன் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? யாரோ பெரிய முதலாளியுடையது, எண்ணெய் நிரப்ப இறங்கியது. அதற்கு வாலில் சக்கரம் இல்லை. மூக்குக்கு அடியில் ஒன்று, நடுவில் இரண்டு. நாற்காலியில் உட்கார்ந்த ஆபீசர் மாதிரி நேராக நின்றது. அதே காற்றில்தான் வந்தது. இறங்கும்போது கோணலாகத்தான் தரையைத் தொட்டது. தொட்டதும் தானாக நிமிர்ந்து, கோடு கிழித்த மாதிரி ஓடி நின்றது. நாம் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். அந்த பைலட் கண்ணாடி வழியாகக் கையைக் காட்டி, வேண்டாம் என்றுவிட்டான்.

உனக்கு வந்த கோபம்! "றெக்கையைத் தொடக்கூட விடலை பாருங்களேன். நம்ம கையிலே என்ன சொறியா?"

"அதுக்கு நாம வேண்டாம்ளா. அது தானே நிக்குது."

"நிக்கட்டும். மூக்குலே சக்கரத்தை மாட்டிக்கிட்டு, முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுத மாதிரி இருக்கு."

திரும்பிப் போகும்போது அந்த மூக்குச் சக்கரம் முந்தின மழையில் இளகிக் கிடந்த பள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொண்டது. முன்விசிறி தரையில் தட்டப் பார்த்தது. நம் பிளேன் அந்தப் பள்ளத்தின் மேல் தினமும் போகும். பெரிய சக்கரம் ஏறி இறங்கும், மூக்கு மேலே இருப்பதால் விசிறிக்கு ஒன்றும் ஆகாது. உன் எருமையைக் கட்டித்தான் அந்த ஆபீசரை இழுத்துப் போட்டோம். நீ பைலட்டைப் பார்த்து, "இப்பவாவது தொடலாமா அண்ணாச்சி?" என்று கேட்டாய். கேப்டன் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

அடுத்த ஆடியில்தான் அது நடந்தது.

உன்னிடம் இதைச் சொல்லவேண்டியது இல்லை. ஆனால் நான் என் பக்கத்திலிருந்து பார்த்ததை நீ ஒரு தடவையும் முழுதாகக் கேட்டதில்லை. கேட்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவாய். இப்போது எழுந்து போகாதே.

காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. பிளேன் இறங்கி, ஓட்டம் குறைந்து வந்தது. நான் என் முனையைப் பிடித்தேன். உன் கால்கள் அந்தப் பக்கம் ஓடிவந்ததைப் பார்த்தேன். உன் கை அமுக்கியது என் கைக்குத் தெரிந்தது. அப்போது பொட்டலில் இருந்த செம்மண் எல்லாம் ஒரு சுவராக எழும்பி மேற்கேயிருந்து வந்தது. பிளேன் மூக்கை உன் பக்கம் திருப்பியது. உன் கால் இரண்டும் மண்ணில் ஊன்றியதைப் பார்த்தேன். அவ்வளவுதான். என் றெக்கை என்னை இழுத்துக்கொண்டு பறந்தது. வால் வீசிக்கொண்டு சுற்றியது. கிழக்குப் பக்கச் சக்கரத்தின் கால் மடங்கியது. றெக்கை தாழ்ந்து, முனை தரையில் குத்தி, என் முழங்காலுக்கு மேல் விழுந்தது.

தூசி அடங்கியபோது நான் மல்லாந்து கிடந்தேன். பிளேன் முழுவதும் திரும்பி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு சரிந்து கிடந்தது. கேப்டன் இறங்கி ஓடிவந்தார், அவருக்கு ஒன்றும் இல்லை. நீ அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். சாய்ந்து நின்ற மேற்கு றெக்கையின் முனை உயரே இருந்தது. நீ இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அதைப் பிடித்துக்கொண்டு, குதிகால் எழும்பத் தொங்குகிற மாதிரி நின்றாய். நான் கத்தியும் நீ வரவில்லை. கேப்டன் வந்து சொன்ன பிறகுதான் கையை எடுத்தாய்.

அன்று சாயங்காலமே திசையன்விளைக்கார மெக்கானிக் அண்ணாச்சி டீக்கடையில் சொல்லிவிட்டார்: "நான் அன்னைக்கே சொன்னேன்லா, பொம்பளை கையிலே றெக்கையைக் குடுக்காதீங்கன்னு. காத்து ஒரு உதறு உதறுச்சு, விட்டுட்டா."

"நான் விடலை அண்ணாச்சி" என்று நீ போய்ச் சொன்னாய். "எல்லாரும் பார்த்தீங்களே, கையிலேதானே இருந்துச்சு."

"அது பிறகு ஓடிவந்து பிடிச்சிருப்பே."

கேப்டனுக்கு முன்னால் தூசி, பக்கத்தில் தூசி, அவர் பார்க்கவில்லை. பார்த்தவன் நான் ஒருவன். நான் புருஷன், என் பேச்சு சபையில் ஏறாது. கம்பெனி பிளேனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது, திரும்பி வரவில்லை. வேலை போனது. என் கால் கட்டை மாதிரி ஆனது. எல்லாம் நீ கையை விட்டதால் வந்தது என்று ஊரில் முடிவாகிவிட்டது.

அரிசி ஆலையில் நீ மூட்டையின் ஒரு பக்கம் பிடித்தால், "ஏளா, பார்த்து, இதையும் விட்டுராதே" என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சிரிப்பதற்கு ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான். அதிலிருந்து நீ யாரோடும் சேர்ந்து எதையும் தூக்கியதில்லை. மூட்டையைத் தனியாக முதுகில் ஏற்றிக்கொள்வாய். கல்யாண வீட்டில் அண்டாவைக்கூடத் தனியாக இழுப்பாய். என்னோடு மட்டும்தான் கட்டிலின் மறுமுனையைப் பிடிப்பாய். அப்போதும் விரல் வெளுத்துப் போகிற அளவுக்கு இறுக்கிப் பிடிப்பாய்.

என் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது கேட்பாய், "நான் விடலை. நீங்க நம்புதீங்களா?"

"நம்புதேன்."

"சட்டுனு சொல்லுதீங்க. யோசிச்சுச் சொல்லணும்."

அடுத்த தடவை நீ கேட்டபோது நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்புதேன்" என்றேன்.

"எதுக்கு யோசிச்சீங்க?" என்று எழுந்து போய்விட்டாய்.

இதற்கு நான் என்ன செய்திருக்க முடியும், சொல்லு. நான் நம்பினேன், ஏளா. ஆனால் ஏன் நம்புகிறேன் என்று எடுத்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. நீயே சில நாள் உன்னைச் சந்தேகப்பட்டாய். "தூசியிலே கண்ணை மூடினேன். மூடின நேரத்துலே கை என்ன செஞ்சுதோ" என்று ஒரு தடவை அடுப்படியில் உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாய். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நீ விட்டாயா இல்லையா என்பது ஊருக்கு வேடிக்கை. உனக்கு அதுதான் உயிர்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் காய்ச்சல் தலைக்கு ஏறியபோது நீ கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாய். ஊசி போட வந்த நர்சு, "பாட்டிம்மா, கையை விடுங்க" என்று கெஞ்சியது. "விட மாட்டேன். விட்டுட்டேன்னு சொல்லிருவாங்க" என்றாய். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்! சிரித்துக்கொண்டே உன் விரலை ஒவ்வொன்றாக எடுத்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுதான் நீ பேசின கடைசிப் பேச்சு.

அந்தக் கை இன்னும் எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி இந்த வாரத்துக் கதை. நம் பேத்தி பிளேன் ஓட்டப் படிக்கிறாள். ஆமாம், நம் மகளின் பிள்ளைதான், நீ இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவள். வெளியூரில் படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள். வந்த அன்றே நான் அவள் முன்னால் 'ஏரோப்ளேன்' என்று எழுதிக் காட்டினேன். "தாத்தா, உங்க எழுத்தே பறக்குது" என்றாள். உன் வாய் அவளுக்கு.

மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவள் ஓட்டுவது மூக்குச் சக்கரம் வைத்த பிளேனாம். வால் சக்கரத்தை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். "அது ஏன் தாத்தா தரையிலே சுத்துச்சு, தெரியுமா?" என்று கேட்டு, கீழே போய் அவள் கொண்டுவந்த பெட்டியைத் தூக்கிவந்தாள். அடியில் இரண்டு சக்கரம் வைத்த பெட்டி.

"இதை இழுத்துட்டு நடங்க."

இழுத்தேன். பின்னாலேயே ஒழுங்காக வந்தது.

"இப்போ முன்னாலே விட்டுத் தள்ளுங்க. கைப்பிடியை லேசா பிடிங்க."

தள்ளினேன். நாலு எட்டுப் போவதற்குள் ஒரு பக்கம் கோணியது. கோணியது நிமிரவில்லை, மேலும் கோணி, சுற்றிக்கொண்டு என் காலில் வந்து இடித்தது. நல்ல காலில்தான்.

"அவ்வளவுதான் தாத்தா. உங்க பிளேன்லே பாரம் பெரிய சக்கரத்துக்குப் பின்னாலே இருக்கு. ஓட்டம் குறையும்போது அந்தப் பாரம் பின்னாலே இருந்து தள்ளும். துளி கோணினாலும் சுத்தத்தான் பார்க்கும். எங்க பிளேன்லே பாரம் சக்கரத்துக்கு முன்னாலே. அது இழுத்துட்டுப் போகும். கோணினாலும் தானா நேராயிரும்."

"அப்போ உன்னுதுதான் நல்லதாளா?"

"அப்படி இல்லை. கல்லுலே, சேத்துலே, பள்ளத்துலே உங்களுதுதான் நல்லது. மூக்குக் கால் மாட்டி முறிஞ்சிரும்."

"உங்க ஆச்சி அதை எருமை கட்டி இழுத்தவ" என்றேன். அவள் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு அந்த இன்னொரு நாளையும் சொன்னேன். வீட்டில் யாரும் அதை அவளுக்குச் சொன்னதில்லை.

கேட்டுவிட்டு, "ஆச்சி எப்படிப் பிடிச்சிருந்தாங்க? காட்டுங்க" என்றாள். நான் எழுந்து நின்று, கையை நீட்டி, குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து காட்டினேன். அவள் சிரிப்பு போய்விட்டது.

"பிளேன் எந்தப் பக்கம் திரும்புச்சு?"

"ஆச்சி பக்கம்."

"தடம் பார்த்தீங்களா தாத்தா?"

"பார்த்தேன். வால் சக்கரத்தோட கோடு வளைஞ்சு கிடந்துச்சு. களத்துலே நெல்லு மிதிக்குத பிணையல் மாடு சுத்தின மாதிரி. நடுவிலே ஆச்சியோட குதிகால் குழி ரெண்டு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ ஆச்சி விடவே இல்லை. விட்டிருந்தா அந்த றெக்கையைக் காத்து தூக்கியிருக்கும், பிளேன் கிழக்கே சரிஞ்சு இழுத்துட்டுப் போயிருக்கும். ஆச்சியை நடுவிலே வச்சுச் சுத்தியிருக்காது. அவங்க பிடிச்சுட்டே நின்னிருக்காங்க."

ஏளா, எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல எந்த எழுத்தும் இன்னும் படிக்கவில்லை. மாடியிலிருந்து தெருவைப் பார்த்து, "அவ விடலைவே!" என்று கத்தினேன். தண்ணீர் கேன் போடுகிறவன் நிமிர்ந்து பார்த்து, "யாரு தாத்தா?" என்றான். "என் பெண்சாதி!" என்றேன்.

பேத்தி சிரிக்கவில்லை. "ஆனா தாத்தா," என்றாள். பெட்டியின் கைப்பிடியை ஒரு பக்கமாகப் பிடித்து நிறுத்திக் காட்டினாள். "றெக்கையை அமுக்கிட்டு அது கூடவே நடக்கணும். பின்னாலே இழுத்து நிறுத்தக் கூடாது. காத்தும் அந்தப் பக்கம் திருப்புது, ஆச்சியும் அந்தப் பக்கத்தை நிறுத்திட்டாங்க. பின்னாலே இருந்து பாரம் தள்ளுது. அது சுத்தாம என்ன செய்யும்? யாரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கலையா?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிடி என்றுதான் சொன்னார்கள். எருமையை நிறுத்தினதைப் பார்த்துத்தானே உன்னைச் சேர்த்தார்கள். எருமைக்குப் பாரம் முன்னால். நம் பிளேனுக்குப் பின்னால். அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் கால் போனது நீ விட்டதால் இல்லை. நீ விடாததால்.

இதை எழுதலாமா என்று நாலைந்து நாள் யோசித்தேன். பாதியை மட்டும் எழுதலாம், நீ விடவில்லை என்பதோடு நிறுத்தலாம் என்று பார்த்தேன். "ஆச்சிக்குத் தெரியவா போகுது?" என்று பேத்தியும் சொன்னாள். ஆனால் நீ சட்டென்று சொல்வதையும் நம்பமாட்டாய், யோசித்துச் சொல்வதையும் நம்பமாட்டாய். பாதி சொன்னால் மீதியை என் முகத்தில் பார்த்துவிடுவாய். அதனால் முழுதும் எழுதிவிட்டேன். எனக்கு உன் மேல் ஒரு துளி வருத்தம் இல்லை. அன்று அந்தப் பொட்டலில் தனக்குக் கொடுத்த வேலையை முழுதாகச் செய்த ஆள் நீ. உன் குதிகால் குழி இரண்டையும் நான் பார்த்தேன். மழை வந்து மூடுகிற வரைக்கும், ஆட்களைக் கொண்டு என்னைக் கட்டிலோடு தூக்கிவரச் சொல்லி, திரும்பத் திரும்ப அதைப் பார்த்தேன். அது உனக்குத் தெரியாது. எனக்கு அது சாட்சி என்று தெரிந்தது. எதற்குச் சாட்சி என்று சொல்லத்தான் வாய் இல்லை.

இன்னொரு பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலுக்காகத்தான் நீ வருகிறாய் என்றால், பதில் கிடைத்த பிறகு உனக்கு இங்கே என்ன வேலை? அடுத்த ஆடியில் நான் எதன் முனையைப் பிடித்தாலும் அந்தப் பக்கம் வெறுமனே ஆடும். அதை நினைத்தால் கை கூசுகிறது. எழுதாமல் வைத்திருந்தால் உன்னை வைத்துக்கொள்ளலாமே என்றுகூட நினைத்தேன். ஆனால் உன் விரலை அந்த நர்சு எடுத்தபோது உன் முகம் இருந்த இருப்பை நான் பார்த்தவன். நீ அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. கை வலிக்கும்.

உன் பதில் எனக்கு வேண்டும். உனக்கு எழுதத் தெரியாது. இனி எந்த வகுப்பிலும் உன்னைச் சேர்க்க முடியாது. அதனால் அதையும் நான்தான் எழுதவேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் மகள் வெளியே போய்விடுவாள். நான் மாடியில் தாளைக் கல்லுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ வந்து சொல்லு, நான் எழுதுகிறேன். மெக்கானிக் அண்ணாச்சியைத் திட்டுவதானால் திட்டு, கெட்ட வார்த்தைக்கும் எழுத்து உண்டு என்று இப்போது எனக்குத் தெரியும். என்னைத் திட்டுவதானாலும் சரி. நம்புதேன் என்று ஆயிரம் தடவை சொன்னேனே, இப்போது நீ ஒரு தடவை சொல்லு, நம்புகிறாயா என்று.

பைய சொல்லு, ஏளா. எனக்கு ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். முழுதும் சொல்லி முடி. முடித்த பிறகு விடு.